பட்டப்படிப்புக்குப் பணம்: சேமிப்பா, உதவித்தொகையா, கடனா?

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. முதல் தவணைக் கட்டணம் கட்ட இரண்டு மாதம்தான் இருக்கிறது. அப்போதுதான் பெரும்பாலான குடும்பங்கள் பணத்தைப் பற்றி உட்கார்ந்து பேசத் தொடங்குகின்றன. பேச்சு நேராக வட்டி விகிதத்துக்குப் போய்விடும். எந்த வங்கியில் அரை சதவீதம் குறைவு, எந்தத் திட்டத்தில் பணம் சீக்கிரம் கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். வட்டி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கேட்க வேண்டியது வேறு. நினைத்தபடி நடக்காவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? படிப்பு பாதியில் நின்றுபோகலாம். வேலை ஒரு வருடம் தள்ளிப்போகலாம். எதிர்பார்த்த சம்பளத்தில் பாதிதான் கிடைக்கலாம். இவை அபூர்வமாக நடப்பவை அல்ல. உதவித்தொகை, சேமிப்பு, வேலை, கடன் என எந்த வழியில் பணம் திரட்டினாலும், இந்த மூன்றில் ஒன்று நடந்தால் யார் என்ன இழப்பார் என்று எழுதிப் பாருங்கள். ஒரே வட்டி விகிதம் உள்ள இரண்டு கடன்கள்கூட வேறு வேறு உருவத்தில் தெரியும். நான் கடன் வாங்கிப் படித்தவன். அந்தக் கேள்வியை அன்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தொகையைச் சரியாகப் போடுவோம்

கட்டணப் பட்டியலில் இருப்பது படிப்பின் செலவு அல்ல, அதன் ஒரு பகுதி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. சில மாநிலங்கள் இடையில் வசூலித்துப் பார்த்தன. கடைசியாக லோயர் சாக்சனி மாநிலம் 2014இல் அதைக் கைவிட்டது. ஆனால் வெளிநாட்டு மாணவர் அங்கே போய்ப் படிக்க விசா கேட்டால், ஒரு வருடத்துக்கான வாழ்க்கைச் செலவு கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. கட்டணம் பூஜ்யமாக இருந்தாலும் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் இவ்வளவு ஆகும் என்று அந்த அரசே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சங்கதி அமெரிக்காவில் உண்டு. அங்கே பல கல்லூரிகளின் அறிவிப்புக் கட்டணத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்லூரியே தள்ளுபடி தருவதால், கையிலிருந்து கட்டும் தொகை மிகக் குறைவாக இருக்கலாம். இந்த நிகரத் தொகையைத் தோராயமாகக் கணக்கிட்டுக் காட்டும் கருவியைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும் என்பது 2011 முதல் அங்கே விதி. ஆக, விலை குறைவாகத் தெரியும் இடம் முடிவில் கூடுதலாக இழுக்கலாம், பயமுறுத்தும் இடம் கட்டுப்படியாகலாம். பட்டியலை மட்டும் பார்த்து எதையும் தள்ளிவிடாதீர்கள்.

கணக்குப் போடும்போது இரண்டை மறக்கிறோம். ஒன்று, கட்டண உயர்வு. முதல் வருடக் கட்டணத்தை நான்கால் பெருக்கினால் விடை தவறு. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 100 ஆகும் செலவு 18 வருடம் கழித்து ஏறக்குறைய 285 ஆகும். இரண்டாவது, ஒரு செமஸ்டர் கூடுதலாகத் தங்க நேர்வது. பாடம் தவறலாம், உடம்பு முடியாமல் போகலாம், துறை மாறலாம். அதற்கு ஒரு தொகையை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பித் தர வேண்டாத பணம்

உதவித்தொகைதான் எல்லாவற்றிலும் மேல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நஷ்டம் யார் தலையில் என்ற கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும். பல உதவித்தொகைகள் வருடா வருடம் புதுப்பிக்கப்படுபவை. மதிப்பெண் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக்கூடப் புது ஊரில், புது முறையில், முதல் செமஸ்டர் சறுக்கலாம். அந்த நேரத்தில் பணமும் நின்றால் இரட்டை அடி. அதனால் தொகை எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில் எத்தனை வருடத்துக்கு, எந்த நிபந்தனையில், ஒருமுறை தவறினால் மறுவாய்ப்பு உண்டா என்றும் கேளுங்கள். கட்டணம் ஏறும்போது உதவித்தொகையும் ஏறுமா, அல்லது அதே தொகையில் நிற்குமா என்பதும் முக்கியம்.

இன்னொரு கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வெளியிலிருந்து ஓர் உதவித்தொகை கிடைத்தால், கல்லூரி தான் கொடுப்பதாகச் சொன்ன உதவியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுமா? சில இடங்களில் குறைப்பார்கள். அப்படியானால் இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுரை எழுதி வாங்கிய பணம் மாணவருக்குப் போகாமல் கல்லூரியின் கணக்கைத்தான் சரிக்கட்டும். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சில உதவித்தொகைகளுக்குப் பின்னால் ஒரு கடமை இருக்கும். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையில் முதுகலை படித்தவர்கள், படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் திட்டத்தில் போகும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதுபோன்ற இரண்டு வருட விதி உண்டு. எனக்கு இந்த நிபந்தனைகள் நியாயமாகவே படுகின்றன. ஆனால் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி மீதிச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்தால், இந்த இரண்டு வருடம் அந்தக் கணக்கையே கவிழ்த்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

இலவசக் கல்வி தரும் நாடுகளை நம்பித் திட்டமிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் விதிக்கும் முடிவை ஸ்வீடன் 2011இலும், ஃபின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போது இலவசமாக இருந்த கதவு, பட்டப்படிப்புக்குள் மூடிவிடலாம். விதி மாறினால் அந்தச் சுமை உங்கள் மேல்தான்.

சேமிப்பு

சேமிப்பில் வரும் நஷ்டம் உங்களுடையது, ஆனால் அதற்கு எல்லை உண்டு. படிப்பு வேண்டாம் என்று பிள்ளை முடிவெடுத்தாலும் பணம் வீட்டில்தான் இருக்கும். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இந்த நிம்மதிக்கு இணையான வழி வேறில்லை.

மாதம் 1,000 வீதம், வருடத்துக்கு 7 சதவீத வருமானத்தில், குழந்தை பிறந்ததிலிருந்து 18 வருடம் போட்டால் ஏறக்குறைய 4,30,000 சேரும். நாம் போட்டது 2,16,000தான். அதே தொகையைப் பிள்ளைக்குப் பத்து வயதானபின் தொடங்கினால் 1,28,000 மட்டுமே. விட்ட பத்து வருடத்தைப் பிடிக்க மாதம் 3,360 போட வேண்டியிருக்கும். பணத்தின் பெயர் எதுவானாலும் கணக்கு இதுதான். அரசு கூடச் சேர்த்துப் போடும் திட்டம் இருந்தால் அதை விடவே கூடாது. கனடாவில் கல்விச் சேமிப்புக் கணக்கில் பெற்றோர் போடும் முதல் 2,500 டாலருக்கு அரசு வருடந்தோறும் 20 சதவீதம், அதாவது 500 டாலர் வரை சேர்க்கிறது. அதைவிடப் பெரிய லாபத்தை எந்தப் பங்குச் சந்தையும் உறுதியாகத் தராது.

சேமிப்பையும் ஆயுள் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டிக் குழந்தையின் பெயரில் விற்கும் திட்டங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. காப்பீட்டுத் தொகையும் போதுமானதாக இருக்காது, சேமிப்பின் வருமானமும் கட்டணங்களில் கரைந்துவிடும். சம்பாதிப்பவர் பெயரில் தனியாக ஒரு டெர்ம் காப்பீடு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது), தனியாகச் சேமிப்பு என்று பிரித்து வைப்பதே தெளிவு. பங்கு சார்ந்த நிதியில் போட்டிருந்தால், கல்லூரி சேர மூன்று நான்கு வருடம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வைப்பு நிதிக்கு மாற்றத் தொடங்குங்கள். சந்தை விழுந்த வருடத்தில் கட்டணம் கட்ட நேர்ந்தால் காத்திருக்க முடியாது.

ஒன்றை மட்டும் தொடக் கூடாது என்பேன். பெற்றோரின் ஓய்வூதியப் பணம். அதை எடுத்துப் படிக்கவைத்தால் வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, கேள்வி கேட்க ஆளில்லை. அதனால்தான் அது சுலபமான வழியாகத் தெரிகிறது. ஆனால் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயதில் சம்பாதிக்க நாற்பது வருடம் பாக்கி இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு அப்படி இல்லை. பிற்பாடு அவர்களின் மருத்துவச் செலவும் மாதச் செலவும் அதே பிள்ளையின் சம்பளத்திலிருந்துதான் போகும். தவணை என்ற பெயரும் முடிவுத் தேதியும் இல்லாத கடனாக அது ஆகிவிடும்.

கடன்: இரண்டு வகை, இரண்டு உலகம்

கல்விக்கடன் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உண்மையில் இரண்டு வகை. வருமானம் எவ்வளவானாலும் மாதம் இவ்வளவு கட்டு என்பது ஒன்று. சம்பாதித்தால், சம்பாதித்ததற்கு ஏற்பக் கட்டு என்பது இன்னொன்று.

முதல் வகையைக் கணக்கோடு பார்ப்போம். நான்கு வருடப் படிப்புக்கு மொத்தம் 10,00,000 கடன். வருடத் தொடக்கத்தில் 2,50,000 வீதம் வருகிறது. வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை தொடங்குகிறது. படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்று சொன்னதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. தனி வட்டியாகப் போட்டால்கூட, தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் 3,00,000. அது அசலோடு சேர்ந்து கடன் 13,00,000 ஆகிவிடும். பத்து வருடத் தவணையில் மாதம் 17,180. மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 20,61,500.

அந்த வட்டியை மட்டும் படிக்கும்போதே அவ்வப்போது கட்டிவந்தால்? அசல் 10,00,000லேயே நிற்கும். மாதத் தவணை 13,215. ஏற்கெனவே கட்டிய வட்டியைச் சேர்த்தாலும் மொத்தம் 18,86,000 அளவில் முடியும். ஏறக்குறைய 1,75,000 மிச்சம். அதைவிட முக்கியம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் தோளில் மாதம் நான்காயிரம் குறைகிறது. வட்டி அசலோடு சேரும் என்ற வரி என் கடன் பத்திரத்திலும் இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். முதல் தவணைக் கடிதத்தில் வாங்கியதைவிடப் பெரிய தொகையைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வங்கியில் கேட்டபோது, கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்.

இந்த வகையில் நஷ்டம் முழுக்க முழுக்க மாணவர் தலையிலும் ஜாமீன் போட்டவர் தலையிலும்தான். வேலை கிடைக்காவிட்டாலும் தவணை நிற்காது. வீட்டை அடமானம் வைத்திருந்தால் வீடும் கணக்கில் வந்துவிடும். வெளிநாட்டுப் படிப்பானால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் உள்நாட்டுப் பணத்தில், கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில். நடுவில் உள்நாட்டுப் பணத்தின் மதிப்பு இறங்கினால், அனுமதித்த கடன் கடைசி வருடத்துக்குப் போதாமல் போகும். பட்டத்துக்கு ஒரு வருடம் இருக்கும்போது அவசரத்துக்கு வாங்கும் இரண்டாவது கடன்தான் பெரும்பாலும் மோசமான வட்டியில் வரும்.

இரண்டாவது வகையை நாடு தழுவிய அளவில் முதலில் செய்து காட்டியது ஆஸ்திரேலியா. பொருளாதார அறிஞர் புரூஸ் சாப்மனின் வடிவமைப்பில் 1989இல் தொடங்கினார்கள். மாணவர் படிக்கும்போது கட்ட வேண்டாம். பிற்பாடு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் வரித்துறை பிடிக்கும். வருமானம் இறங்கினால் தவணையும் தானாக நிற்கும். இங்கிலாந்திலும் இதே தத்துவம்தான். 2023 ஆகஸ்ட் முதல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள், வருட வருமானத்தில் 25,000 பவுண்டுக்கு மேலே உள்ளதில் 9 சதவீதம் கட்டுகிறார்கள். 30,000 சம்பாதிப்பவர் வருடத்துக்கு 450 பவுண்டு. வேலை போனால் எதுவும் இல்லை. நாற்பது வருடம் கழித்து மிச்சம் இருந்தால் தள்ளுபடி.

இப்படிப்பட்ட கடன் கிடைக்கும் நாட்டில் இருந்தால், சேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். நஷ்டத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் அசலுக்கு வட்டி இல்லை என்றாலும் விலைவாசிக்கு ஏற்ப ஏறும். 2023இல் ஒரே தடவையில் 7.1 சதவீதம் ஏறியதில் பலர் வருடம் முழுக்கக் கட்டியதைவிடக் கடன் அதிகமாக வளர்ந்தது. எதிர்ப்பு எழுந்தது. ஊதிய உயர்வு விகிதம் குறைவாக இருந்தால் அதையே கணக்கில் எடுக்கும்படி சட்டத்தை முன்தேதியிட்டு மாற்றினார்கள். இங்கிலாந்தில் 2012 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை சேர்ந்தவர்களுக்குத் தள்ளுபடி முப்பது வருடத்தில். புதியவர்களுக்கு நாற்பது. விதியை எழுதுவது அரசு என்பதால், மாற்றுவதும் அதுவே.

வருமானத்தில் பங்கு என்ற யோசனையைப் பல்கலைக்கழகங்களும் தாமே முயன்று பார்த்தன. 1971இல் யேல் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாங்கிய ஒவ்வொரு 1,000 டாலருக்கும் வருட வருமானத்தில் 0.4 சதவீதம். அந்த ஆண்டுக் குழுவின் மொத்தக் கடன் தீரும்வரை எல்லோரும் கட்ட வேண்டும். அழகான யோசனைதான். ஆனால் நன்றாகச் சம்பாதித்தவர்கள் ஒரு தொகையைக் கட்டி விலகிக்கொள்ள வழி இருந்தது. சிலர் கட்டவே இல்லை. மிச்சமிருந்தவர்கள் மற்றவர்களின் பங்கையும் சேர்த்து வருடக்கணக்கில் சுமந்தார்கள். கடைசியில் பல்கலைக்கழகமே மீதியைத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. 2016இல் பர்டியூ பல்கலைக்கழகம் தனித்தனி ஒப்பந்தமாக இதே யோசனையைத் தொடங்கி, 2022இல் புதிய மாணவர்களுக்கு நிறுத்திவைத்தது. உங்களிடம் யாராவது சம்பளத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தம் நீட்டினால் நான்கைப் பாருங்கள்: எந்த வருமானத்துக்குக் கீழே கட்ட வேண்டாம், எத்தனை மாதம், மொத்தம் அதிகபட்சம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன. அதிகபட்ச எல்லை எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

உழைத்துப் படிப்பதும், செலவையே குறைப்பதும்

பகுதி நேர வேலை கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு நேர வரம்பும் உண்டு. பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. இந்தச் சம்பளத்தை நம்பி முதல் வருடத் திட்டத்தைப் போட வேண்டாம்.

ஆனால் படிப்போடு வேலையையும் பின்னிய முறைகள் வேறு ரகம். 1906இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கூட்டுறவுக் கல்வி முறையில் மாணவர் சில மாதம் வகுப்பு, சில மாதம் நிறுவனம் என்று மாறி மாறிப் போவார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இலிருந்து இதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் பட்டத் தொழிற்பயிற்சியில் நிறுவனம் சம்பளமும் தரும், கட்டணத்தை மாணவர் கட்டவும் வேண்டாம். இடம் கிடைப்பது கடினம். கிடைத்தால் கடனை விடப் பல மடங்கு மேல்.

முதல் இரண்டு வருடத்தைக் கட்டணம் குறைந்த கல்லூரியில் முடித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, வீட்டிலிருந்தே போய்வருவது, வேலை பார்த்துக்கொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது ஆகியவற்றை ஏதோ குறைவானது போலப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டச் சான்றிதழில் முதல் இரண்டு வருடம் எங்கே படித்தீர்கள் என்று பெரிதாக எழுதுவதில்லை. ஒரே எச்சரிக்கை, முதல் கல்லூரியில் படித்த பாடங்களை இரண்டாவது ஏற்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டபின் சேருங்கள். ஏற்காவிட்டால் மிச்சம் பிடித்த பணம் கூடுதல் வருடத்தில் போய்விடும்.

அப்படியானால் எந்த வரிசை?

நானாக இருந்தால் இப்படிப் போவேன். முதலில் உதவித்தொகையும் கல்லூரித் தள்ளுபடியும். அப்புறம் செலவைக் குறைக்கும் வழிகள். பிறகு சேமிப்பு, ஆனால் முதல் வருடத்திலேயே முழுவதும் காலி செய்யாமல், கடைசி வருடத்துக்கும் அந்தக் கூடுதல் செமஸ்டருக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைத்து. அதன் பிறகே கடன். அதிலும் வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் கடன் இருந்தால் அது முதலில், நிலைத் தவணைக் கடன் அதற்குப் பின்.

எவ்வளவு கடன் வரை போகலாம்? முதல் வேலையின் மாதச் சம்பளத்தில், கைக்கு வருவதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் அளவுகோல். அந்தச் சம்பளத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லூரி விளம்பரத்தில் இருப்பது அந்த வருடத்தின் உச்சச் சம்பளம். சராசரியும் போதாது. நாலு பேருக்குப் பெரிய சம்பளம் கிடைத்தால் சராசரி எல்லோரையும் தூக்கிக் காட்டும். அந்தத் துறையில் படித்த நூறு பேரைச் சம்பளம் கூடியவரிலிருந்து குறைந்தவர் வரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆளுக்கு எவ்வளவு, எழுபத்தைந்தாவது ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கல்லூரி சொல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கு முன் முடித்தவர்கள் சொல்வார்கள். எழுபத்தைந்தாவது ஆளின் சம்பளத்தில் தவணை கட்ட முடிந்தால் அந்தக் கடன் தாங்கும்.

அப்புறம் ஒரு சோதனை. வேலை ஒரு வருடம் தாமதமானால்? மேலே பார்த்த 13,00,000 கடனுக்கு வங்கி அவகாசம் தந்தாலும் ஒரு வருட வட்டி 1,30,000 சேர்ந்து 14,30,000 ஆகும். தவணை ஏறக்குறைய 18,900. அந்த ஒரு வருடமும் வீட்டில் யாராவது வட்டியை மட்டுமாவது கட்ட முடியுமா என்பதை இப்போதே பேசிவையுங்கள். அந்தப் பேச்சில் பிள்ளையும் உட்கார்ந்திருக்க வேண்டும். தவணை எவ்வளவு, எத்தனை வருடம், வீடு அடமானத்தில் இருக்கிறதா என்பது தெரிந்தபின்தான் எந்தக் கல்லூரி என்று அவர் தேர்வு செய்ய வேண்டும். பிள்ளைக்குக் கவலை வேண்டாம் என்று மறைத்துவைக்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் கடன் பத்திரத்தில் பிள்ளையின் பெயரும் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் கடைசியாக, ஜாமீன் போடுபவரின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். மாணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் அத்தோடு முடியுமா, ஜாமீன்தாரரிடம் வருமா என்று அங்கேதான் இருக்கும். ஜாமீன்தாரரிடம் வரும் என்று இருந்தால், கடன் தொகைக்கு மாணவர் பெயரில் ஒரு டெர்ம் காப்பீடு எடுத்துவிடுங்கள். இளம் வயதில் அதன் பிரீமியம் மிகச் சிறியது. கடன் தீரும் வருடம் வரை அது அமலில் இருக்கும்படி காலத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், படிப்பு முடியும் வருடம் வரை மட்டும் அல்ல.